பச்சை ஒயர்

ஹெட்போனுக்குள் ஓடிக்கொண்டிருந்த உறுமல் சட்டென்று அடங்கியபோது முகம்மது அர்ஷத்துக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஒலிப்பதிவு செய்கிறவனுக்கு உறுமலைப் போல ஒரு சனியன் கிடையாது. பாடுகிறவன் உயிரைக் கொடுத்துப் பாடியிருப்பான், தாளம் இம்மி பிசகாமல் விழுந்திருக்கும், எல்லாவற்றுக்கும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு மொத்தத்தையும் கெடுத்துவிடும். அந்தச் சனியன் தானாகத் தொலைந்தால் யாருக்குக் கசக்கும்? டீ கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான். விழுங்கும்போதுதான் உறைத்தது. கிளாஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

அந்தப் பக்கம் வாசிப்பறை. ஒரு மைக் ஸ்டாண்டு, மூலையில் பழைய பேஸ் ஆம்ப், நடுவில் தாங்கியில் சாய்ந்திருந்த சங்கரசுப்புவின் பேஸ் கிடார். வேறு யாரும் இல்லை. இருக்கவும் முடியாது. அறைக்கு ஒரே கதவு, அது அர்ஷத்தின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

பேஸ் கிடாரின் நான்கு தடித்த கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செம்புச் சுருளும் இருக்கும். அது கம்பியின் அதிர்வை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காது. சுவருக்குள் ஓடுகிற கரண்டு, டியூப் லைட், கீழே ஓடுகிற தறி மோட்டார் என்று அக்கம்பக்கத்து சமாச்சாரம் அத்தனையையும் ஒட்டுக்கேட்டு முனகும். வாசிக்கிறவன் கம்பியில் விரலை வைத்ததும் முனகல் அடங்கும். விரலை எடுத்ததும் திரும்ப வரும். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற அர்ஷத்துக்கு இது தன் பெயரைப் போல் தெரியும்.

முனகல் நின்றால் கம்பியை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

திரையில் நேரத்தைப் பார்த்தான். பதினோரு வினாடி. பிறகு உறுமல் திரும்ப வந்தது. கேபிளில் ஏதோ கோளாறு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். அறையில் கேட்பதற்கு ஆள் இல்லாதபோது எதற்காகச் சத்தமாகச் சொன்னான் என்பதை அவன் யோசிக்க விரும்பவில்லை.

அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை ஊரெங்கும் மின்தடை என்று அறிவிப்பு வந்திருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு. ஊரே சலித்துக்கொள்ளும் அந்த நாளை அர்ஷத் மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பான். அவனுடைய ஸ்டுடியோ ஒரு விசைத்தறிக் கொட்டகையின் மாடியில் இருந்தது. ஷார்ஜாவில் ஒரு ஹோட்டல் ஹாலில் மைக் பிடித்துச் சம்பாதித்ததெல்லாம் அந்த இரண்டு அறைகளுக்குள்தான் போனது. ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்து, கழிவு நூல் மூட்டைகளைச் சுவர் முழுக்க அடுக்கி, மேலே காடாத்துணி இழுத்துக் கட்டியிருந்தான். எத்தனை மூட்டை அடுக்கினாலும் கீழே பன்னிரண்டு தறிகள் தடதடக்கும்போது தரை வழியாகச் சத்தம் ஏறத்தான் செய்யும். அதனால் பேஸ், வயலின் போன்ற நுணுக்கமான வேலைகளை மின்தடை நாளுக்கு ஒதுக்கிவைப்பான். லேப்டாப்பை முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்து மணி நேரம் தாங்கும். தறியும் ஓடாது, சுவருக்குள் கரண்டும் ஓடாது. சங்கரன்கோவிலில் அதைப் போல ஒரு சுத்தமான மௌனம் மாதத்தில் ஒரு நாள்தான் கிடைக்கும்.

இந்த மாதம் அந்த மௌனம் அவனுக்கு மிகவும் தேவைப்பட்டது. காரணம் ராஜேஸ்வரி.

பத்து நாளைக்கு முன்னால் அவள் வந்து மாடிப்படியின் அடியிலேயே நின்றாள். சங்கரசுப்புவின் மனைவி. சங்கரசுப்பு காலையில் பூ மார்க்கெட்டில் எடை போடுவான், மற்ற நேரமெல்லாம் பேஸ் வாசிப்பான். பள்ளிக்கூடத்திலிருந்து அர்ஷத்தின் சிநேகிதன். போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்காக ஒரு பாட்டு பதிவு செய்த அன்றைக்கு இதே மாடியில்தான் செத்துப்போனான்.

"மேல வாம்மா" என்றான் அர்ஷத்.

"இல்ல அண்ணாச்சி, இங்கனயே நிக்கேன். வர்ற வெள்ளிக்கெழமைக்கு அடுத்த வெள்ளிக்கெழம அவுகளுக்கு வருசம் திரும்புது. அன்னிக்கு அந்த கிடார எடுத்துட்டுப் போயிருதேன்."

"நீதான அந்தக் கருமத்த வீட்டுக்குள்ள கொண்டாராதீங்கன்னு சொன்ன?"

"சொன்னேன். குடிச்சிச் செத்த மனுசனோட சாமான் எதுக்குன்னு ஆத்திரத்துல சொன்னேன்." மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அவுக கடைசியா வாசிச்சதும் வேணும். மத்த சத்தம் இல்லாம, அவுக வாசிச்சது மட்டும். வீட்டுல போட்டுக் கேக்கணும்."

"அதுக்கென்னம்மா, தாரேன்."

"முழுசா வாசிச்சு முடிச்சாகன்னுதான சொன்னீக?"

"ஆமா. முடிச்சு, நான் எல்லாத்தையும் அணைச்சப்புறம்தான் நெஞ்சப் பிடிச்சான்."

"இல்ல, கீழ தறி ஓட்டுத ரசூல் அண்ணன் சொன்னாக. அன்னிக்கு பாட்டுச் சத்தம் பாதியில நின்னுட்டுன்னு. அவுகளுக்கு என்ன தெரியும், தறிச் சத்தத்துல." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். சாதாரணமாகத்தான் பார்த்தாள். ஆனாலும் அர்ஷத்துக்கு அந்தப் பார்வை ஒரு வாரம் சோறு இறங்கவிடவில்லை.

கம்ப்யூட்டரில் இருந்த சங்கரசுப்புவின் கடைசிப் பதிவு இரண்டு நிமிஷம் நாற்பது வினாடிதான். பாட்டு நான்கு நிமிஷம் பத்து வினாடி. மீதி ஒன்றரை நிமிஷத்துக்குத் திரையில் ஒரு நேர்கோடு ஓடியது.

அந்த நேர்கோட்டின் கதை இதுதான். அன்றைக்கு ஆம்பிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டரோடு இணைந்த பதிவுப் பெட்டிக்குப் போனது. ஆம்ப் ஒரு பிளக்கில், பதிவுப் பெட்டி இன்னொரு பிளக்கில். இரண்டுக்கும் தனித்தனியாக எர்த் இருந்தால் அவற்றுக்கு நடுவே ஒரு தடித்த உறுமல் சுற்றிச் சுற்றி வரும். கம்பியைத் தொட்டாலும் அது அடங்காது. அதற்கு ஊரறிந்த வைத்தியம் ஒன்று உண்டு. ஆம்பின் பிளக்கைத் திறந்து எர்த்துக்குப் போகிற பச்சை ஒயரைக் கழற்றிவிடுவது. கல்யாண மண்டபத்திலும் கோயில் கொடைவிழாவிலும் மைக்செட்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம்தான். சத்தம் பளிங்கு மாதிரி ஆகிவிடும். ஆனால் ஆம்புக்குள் எங்காவது கரண்டு கசிந்தால், தரைக்குப் போகிற வழி அடைபட்டு, கிடாரின் கம்பியில் வந்து காத்துக்கொண்டு நிற்கும்.

பச்சை ஒயரைக் கழற்றியது அர்ஷத். அது ஒன்றும் புதிதல்ல, எத்தனையோ முறை கழற்றியிருக்கிறான். புதிதாக நடந்தது வேறு. மைக் ஸ்டாண்டின் கை தளர்ந்து போயிருந்தது. திருகு தேய்ந்து, வைத்த இடத்தில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மாற்றணும், மாற்றணும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வாசித்துக்கொண்டிருந்த சங்கரசுப்புவின் முகத்துக்கு நேரே அது இறங்கி வந்தது. அவன் வலது கையை எடுத்து அதைப் பிடித்தான். இடது கை கம்பியில் இருந்தது. மைக்கின் இரும்பு கேபிள் வழியாகப் பதிவுப் பெட்டியின் எர்த்தோடு சேர்ந்தது; காத்து நின்ற கரண்டுக்கு அவன் உடம்பு வழியாகிவிட்டது.

கத்தவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஞாபகம் வந்தவனைப் போல நிமிர்ந்து நின்றான். பிறகு விழுந்தான்.

அர்ஷத் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தான். அதுவரை மனுஷன் செய்கிற காரியம். அடுத்து அவன் எடுத்தது போனை அல்ல, ஸ்க்ரூடிரைவரை. பிளக்கைத் திறந்து பச்சை ஒயரை அதன் இடத்தில் மாட்டி, ஒவ்வொரு திருகாகத் திருகி மூடினான். நான்கு நிமிஷம் ஆனது. அதற்கப்புறம்தான் போன். அதற்கப்புறம்தான் "ரசூலு, ஓடியாலே" என்று படியில் நின்று கத்தினான். விழுந்தபோதே சங்கரசுப்பு போய்விட்டான் என்று தனக்குச் சொல்லிவைத்திருந்தான். திரும்பிப் பார்க்காமலே.

சங்கரசுப்புவின் விரல் நுனியில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. யாரோ கேட்டதற்கு, "கம்பி வாசிக்குதவன் விரல் அப்படித்தாம்ப்பா இருக்கும்" என்றான் அர்ஷத். நம்பினார்கள். வாயில் ஏதோ வாடை அடித்தது. பல்வலிக்காக அவன் ஒரு வாரமாகக் கிராம்பு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான் என்பது அர்ஷத்துக்குத் தெரியும். "லேசா போட்டிருந்தான் போல" என்று மட்டும் சொன்னான். குடியை விட்டு இரண்டு வருஷமாகியிருந்த மனுஷனுக்கு அந்த ஒரு வரியால் பெயர் கெட்டது. நெஞ்சுவலி என்று பேச்சு, குடிகாரன் என்று ஏச்சு, அன்றைக்குச் சாயங்காலமே எரித்துவிட்டார்கள். ராஜேஸ்வரி அழவில்லை. "சத்தியம் பண்ணிக் குடுத்தீங்களே" என்று பிணத்தைப் பார்த்துச் சொன்னதைத்தான் அர்ஷத்தின் காது இன்னும் வைத்திருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் ஒரு டி.ஐ. பாக்ஸ் வாங்கினான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. கிடாருக்கும் பதிவுப் பெட்டிக்கும் நடுவில் போட்டால் ஆம்பே வேண்டாம். அதன் முதுகில் ஒரு சின்ன ஸ்விட்ச், நகத்தால் தள்ளினால் போதும், உறுமல் போய்விடும், யாரும் சாக வேண்டியதில்லை. அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்ட சாமான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறி நின்றதும் காது அடைத்துக்கொண்டது மாதிரி இருந்தது. படியில் ரசூல் எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, கரண்டு போயிட்டு. ரெண்டு மணிக்குத்தான் வருமாம். நாங்க வீட்டுக்குப் போயிட்டு வாரோம்."

"சரிப்பா."

ரசூல் நின்றான். "சங்கரு செத்து இன்னியோட வருசம்லா?"

"ஆமா."

"அன்னிக்கு நீங்க கூப்பிடுததுக்கு முன்னாடியே பாட்டு நின்னுட்டு அண்ணாச்சி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"வேலையப் பாத்துட்டுப் போலே" என்றான் அர்ஷத். குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

கதவைச் சாத்தினான். பலகை அடைத்த அறையில் லேப்டாப்பின் வெளிச்சமும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வைத்த ஒரு பேட்டரி விளக்கும்தான். துணிக்குப் போடுகிற கஞ்சியின் புளித்த வாடை மூட்டைகளிலிருந்து கசிந்தது. வாசிப்பறைக்குள் போய்க் கேபிளை மாட்டினான். குட்டையான கேபிள்; நீளம் கூடினால் உறுமலும் கூடும். கிடாரிலிருந்து டி.ஐ. பாக்ஸ், அதிலிருந்து பதிவுப் பெட்டி, அதிலிருந்து லேப்டாப். இன்றைக்குப் பதிவுப் பெட்டிக்குக் கரண்டும் லேப்டாப்பின் பேட்டரியிலிருந்துதான். மைக்கின் கேபிள் பழைய இடத்திலேயே இருந்தது. ஆம்பை அவன் தொடவில்லை. அதன் பிளக் சுவரிலிருந்து உருவப்பட்டு ஒரு வருஷமாகத் தரையில் கிடந்தது.

திட்டம் எளிமையானது. சங்கரசுப்புவின் கிடாரிலேயே, அவன் மாற்றாமல் விட்டுப்போன அதே கம்பிகளில், விட்ட இடத்திலிருந்து ஒன்றரை நிமிஷம் வாசித்து ஒட்டிவிடுவது. ராஜேஸ்வரிக்கு எங்கே தெரியப்போகிறது? நான்கு நிமிஷம் பத்து வினாடிக்கு ஒரு கோப்பு அவள் கையில் இருந்தால் ரசூல் ஆயிரம் சொன்னாலும் எடுபடாது. அவள் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவின் அளவைச் சரிபார்க்கக் காதைக் கொடுத்தான்.

உறுமல்.

திரையைப் பார்த்தான். லேப்டாப்பின் சார்ஜர் வயர் கூட மாட்டியிருக்கவில்லை. யாராவது ஜெனரேட்டர் போட்டிருப்பார்களோ என்று எழுந்துபோய், ஒரு மூட்டையை இழுத்து, ஜன்னல் பலகையின் இடுக்கில் காதை வைத்தான். தெருவில் ஒரு சைக்கிள் போனது. யாரோ முறத்தில் எதையோ புடைக்கிற சத்தம். அவ்வளவுதான். ஊருக்குள் எந்த ஒயரிலும் உயிர் இல்லை. திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினான். 'ம்ம்ம்' என்று அது காத்துக்கொண்டிருந்தது.

சரி, தொட்டுப் பார்ப்போம் என்று உள்ளே போனான். நான்கு கம்பியையும் சேர்த்து உள்ளங்கையால் அமுக்கினான். நீள வயரோடு கழுத்தில் தொங்கிய ஹெட்போனில் உறுமல் குறையவே இல்லை. கையை எடுத்தான். மாற்றமில்லை. டி.ஐ. பாக்ஸின் ஸ்விட்சைத் தள்ளினான், கேபிளை மாற்றினான், பதிவுப் பெட்டியைப் பிடுங்கி மாட்டினான். உறுமல் இருந்த இடத்தில் இருந்தது. அவனை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. முதுகு நனைந்துவிட்டது. இன்றைக்கு விட்டால் அடுத்த மின்தடைக்கு ஒரு மாதம் ஆகும், அவளோ இன்றைக்கே வருகிறாள்.

உறுமல் நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடார் தாங்கியில் சாய்ந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் கம்பிகள் அசையாமல் இருந்தன. பதினோரு வினாடி. இருபது. முப்பது. ஹெட்போனில் ஒரு சின்ன உரசல். நகம் தடித்த கம்பியின் சுருளில் மேலிருந்து கீழே வருகிற சத்தம். வாசிக்கத் தொடங்கும் முன்னால் சங்கரசுப்பு எப்போதும் அப்படி ஒருமுறை வருடுவான்.

கிராம்பு வாடை வந்தது.

காவலுக்கு ஓதுகிற குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினான். பாதியில் அடுத்த வார்த்தை வரவில்லை. சிறுவயதிலிருந்து தினமும் ஓதியது. வரவில்லை.

அப்புறம் பேஸ் ஒலித்தது. இரண்டு நிமிஷம் நாற்பதாவது வினாடியில் அறுந்த இடத்திலிருந்து, அறுந்ததே தெரியாமல், அதே தாளத்தில், அதே அவசரமில்லாத கையோடு. மேல்கம்பி அதிர்ந்து மங்கலாகத் தெரிந்தது. கம்பியை அமுக்க எந்த விரலும் இல்லை. இருந்தும் சுரம் மாறி மாறி வந்தது.

அர்ஷத் ஓடியிருக்க வேண்டும். நீங்களும் நானும் ஓடியிருப்போம். அவன் கை போய்ப் பதிவுப் பட்டனை அழுத்தியது. ஒரு வருஷமாகப் பழகிய கை அது. தன்னைக் காப்பாற்றுவதை முதலில் செய்யும், மற்றதை அப்புறம் செய்யும். பல்லைக் கடித்துக்கொண்டு, மீட்டர் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டான். நேர்கோடு ஓடிய இடத்தில் மலையும் பள்ளமுமாக அலை விரிந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவன் இந்த அறையில் எடுத்ததே இல்லை. அடியில் ஒரு தூசி இல்லை.

நான்கு நிமிஷம் பத்தாவது வினாடியில் கடைசிச் சுரம் நீண்டு, தேய்ந்து, முடிந்தது. சங்கரசுப்பு வாசித்து முடித்துவிட்டான். அர்ஷத் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. பதிவை நிறுத்தக்கூடக் கை எழவில்லை. கண்ணை மூடி அப்படியே கிடந்தான். "சங்கரு, மன்னிச்சிரு மக்கா" என்றான். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. அவ்வளவு சுலபமாக லேசாகிற நெஞ்சு அது.

கதவு தட்டப்பட்டது.

ராஜேஸ்வரிதான். மணி ஒன்றரைகூட ஆகவில்லை. "அண்ணாச்சி, சீக்கிரம் வந்துட்டேன். வீட்டுல இருப்பு கொள்ளல" என்றாள். அர்ஷத் அவசரமாகப் பதிவை நிறுத்திவிட்டு எழுவதற்குள் அவள் கதவைத் திறந்து வந்து கண்ணாடி வழியாகக் கிடாரைப் பார்த்துவிட்டாள். நேரே உள்ளே போனாள். கனமான கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. குனிந்து கிடாரை எடுத்துக் கைக்குழந்தையை வைத்துக்கொள்வது போல மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் அர்ஷத் ஆம்பைப் பார்த்தான்.

அதன் முகத்தில் இருந்த சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பாக. பிளக் தரையில், சுவருக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளேயிருந்து பச்சை ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டி.ஐ. பாக்ஸுக்கு வந்த கேபிள் இப்போது ஆம்புக்குள் போனது. யார் மாற்றி மாட்டினார்கள் என்று யோசிக்க நேரமில்லை. மைக்கின் கை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ராஜேஸ்வரியின் முகத்துக்கு நேராக. அவள் எரிச்சலோடு அதைப் பார்த்தாள். ஒரு கையைக் கிடாரிலிருந்து எடுத்தாள்.

அவன் விரலுக்கு அடியில் சிவப்புப் பட்டன் இருந்தது. அழுத்திப் பேசினால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். 'மைக்கைத் தொடாதே.' இரண்டே வார்த்தை. தொட்டால் என்ன என்று அவள் கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? அந்த ஒரு வினாடியில்கூட அவன் அதைத்தான் யோசித்தான்.

சொல்லவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். "கொண்டாம்மா, கனம், உனக்குப் பழக்கமில்ல" என்று சிரித்தபடி கிடாரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "நீ வெளிய போயி கேளு. ஹெட்போன மாட்டிட்டு லேப்டாப்புல அந்த நீளக் கட்டைய அழுத்து. அவன் வாசிச்சது ஓடும்."

"தெரியும் அண்ணாச்சி. அவுக ஒரு தடவ கூட்டியாந்து எல்லாம் காட்டிருக்காக." அவள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கிடாரைக் கீழே வைக்கப் போனான். விரல்கள் திறக்கவில்லை.

இடது கை நான்கு கம்பியையும் சேர்த்துப் பிடித்திருந்தது. கட்டெறும்பு ஊர்வது போலத் தோளுக்கு ஏறியது. கால் தரையில் ஒட்டிக்கொண்டது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண் மட்டும் அசைந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராஜேஸ்வரி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். கன்னத்தில் நீர் இறங்கியது. நான்கு நிமிஷமும் அப்படியே நின்றாள். அர்ஷத் எண்ணிக்கொண்டே இருந்தான். பாட்டு முடிந்திருக்கும். இப்போது கழற்றிவிடுவாள். கழற்றிவிடு, தாயி.

கழற்றவில்லை. கண்ணைத் திறந்தாள். புருவம் சுருங்கியது. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அமுக்கிக்கொண்டாள்.

வெகு நேரம் கழித்துச் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். ஸ்பீக்கரில் அவள் குரல் நிதானமாக வந்தது.

"அண்ணாச்சி, பாட்டு முடிஞ்சப்புறம் உங்க சத்தம் வருது. 'எர்த்தக் கழத்திட்டேன், இப்ப சுத்தமா இருக்குலா, பயப்படாம வாசிலே'ன்னு சொல்லுதீக. அது என்னது?"

மைக்கின் கை ஒரு விரற்கடை இறங்கியது.

"அப்புறம் யாரோ விழுத சத்தம். அப்புறம் எதையோ திருகுத சத்தம். ரொம்ப நேரம் திருகுதீக."

இன்னும் ஒரு விரற்கடை.

"திருகுத சத்தத்துக்குப் பின்னால மூச்சு கேக்கு அண்ணாச்சி. இழுத்து இழுத்து விடுத மூச்சு." அவள் குரல் உடைந்தது. "பதினாலு வருசம் பக்கத்துல படுத்திருக்கேன். அவுக மூச்சு எனக்குத் தெரியாதா? நீங்க திருகி முடிக்குத வரைக்கும் இருந்திருக்கு. நாலு நிமிசமும் இருந்திருக்கு."

அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை. ஃபேன் சத்தம் என்று நினைத்திருந்தான். அன்றைக்கு ஃபேன் ஓடவில்லை.

சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வருஷத்தில் முதல்முறையாக உண்மையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. குடிக்கவில்லை. அவன் குடிக்கவே இல்லை, தாயி. தாடை கிட்டித்துப்போயிருந்தது. நாக்கு அசையவில்லை.

"மைக்ல சொல்லுங்க" என்றாள் ராஜேஸ்வரி. "இங்கன எனக்கு ஒண்ணும் கேக்கல. மைக்குக்குப் பக்கத்துல வந்து சொல்லுங்க."

அவளுக்குப் பின்னால் அவனுடைய நாற்காலி இருட்டில் கொஞ்சம் திரும்பியது. யாரோ அதில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் ஒரு கை வந்தது. விரல் நுனி கறுத்திருந்தது. அது அவசரமில்லாமல் ஒரு குமிழைத் திருகி, அளவைச் சரிபார்த்தது.

அறையில் ஒரு சத்தம் இல்லை. ஆம்பிலிருந்து உறுமல் இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது.

கீழே யாரோ கதவைத் திறந்தார்கள். தொலைவில் ஒரு தறி தடதடவென்று கிளம்பியது. பக்கத்தில் இன்னொன்று. கரண்டு வந்துவிட்டது.

மைக்கின் கை இறங்கிக்கொண்டிருந்தது. இரும்பு வலையின் குளிர் உதட்டில் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராஜேஸ்வரி அவன் வாயையே பார்த்துக்கொண்டு, ஹெட்போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு, அவன் சொல்லப்போகிற வார்த்தைக்காகக் காத்து நின்றாள்.